லிங்க் – 7: அறுந்தால் அறுந்துபோகட்டும்

சென்ற வாரம் டெட் நெல்சனை ஆட்டோடெஸ்க் நிறுவனத்தில் விட்டுவிட்டு வந்தோம். 1960-ல் அவர் தொடங்கிய ஸனாடு என்ற ஹைப்பர்டெக்ஸ்ட் (இணைப்புகளால் கோத்த உரை) திட்டத்துக்கு 1988-ல்தான் ஒருவழியாக முதலீடு கிடைத்தது. நெல்சன் கேட்ட இணைப்பு லேசுப்பட்டதல்ல. ஓர் ஆவணத்தின் ஒரு வரியை உலகில் யார் எங்கிருந்து சுட்டினாலும், அந்த வரியில் நின்றபடியே அதைப் பார்க்க முடிய வேண்டும். மூலம் எத்தனை முறை திருத்தப்பட்டாலும் இணைப்பு அறுந்துவிடக் கூடாது. மேற்கோள் எடுத்தால் எழுதியவருக்குச் சில்லறை போய்ச் சேர வேண்டும்.

ஆட்டோடெஸ்க் பணத்தில் அந்த வேலை நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், ஜெனீவாவை ஒட்டிய சுவிஸ்–பிரெஞ்சு எல்லையில் ஒருவர் இதைவிடப் பல மடங்கு எளிய ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு உலக இலக்கியத்தையெல்லாம் கோக்கும் ஆசை அப்போது இல்லை. அலுவலகத்தில் எந்தத் தகவல் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

* * *

செர்ன் ஆய்வகம், 1989.

நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் லெப் என்ற துகள் மோதல் இயந்திரம் அந்தக் கோடையில் ஓடத் தயாராகிக்கொண்டிருந்தது. மேலே ஆயிரக்கணக்கான ஆட்கள். இயற்பியலாளர், பொறியாளர், ஆராய்ச்சி மாணவர் எனப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் பழகிய கணினியையே இங்கும் வைத்திருந்தது. ஒன்றில் எழுதியது இன்னொன்றில் திறக்காது.

இதில் பெரும்பாலோர் தங்குவது இரண்டு ஆண்டுகள்தான். பிறகு மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். எந்த நிரலை ஏன் அப்படி எழுதினோம், எந்தக் கருவி எதை நம்பி ஓடுகிறது என்ற விவரமெல்லாம் அவர்களோடு விமானம் ஏறிவிடும். அடுத்து வருபவர் காபி அறையில் நாலு பேரிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிம் பெர்னர்ஸ்-லீ இந்தச் சிக்கலை 1980-லேயே பார்த்தவர். ஆறு மாத ஒப்பந்தத்தில் செர்ன் வந்த 25 வயது இளைஞர். அப்பா, அம்மா இருவருமே ஃபெராண்டி மார்க் 1 கணினியில் வேலை பார்த்தவர்கள். யார் யாரோடு வேலை செய்கிறார், எந்த நிரல் எங்கே ஓடுகிறது என்பதைத் தலையில் வைத்துக்கொள்ள முடியாமல், சொந்த உபயோகத்துக்கு ‘என்கொயர்’ என்று ஒரு நிரல் எழுதினார். ஒரு பக்கம், அதன் அடியில் எண்ணிட்ட இணைப்புகள், எண்ணைத் தட்டினால் அடுத்த பக்கம். புதுப் பக்கம் திறக்க ஒரே வழி, பழைய பக்கம் ஒன்றிலிருந்து இணைப்புப் போடுவது. எதோடும் ஒட்டாத அநாதைப் பக்கம் என்று ஒன்று அதில் பிறக்கவே முடியாது.

என்கொயரில் இருவகை இணைப்புகள் இருந்தன. ஒரே கோப்புக்குள் என்றால் இருவழி. இரண்டு பக்கத்திலும் தெரியும். வேறொரு கோப்புக்குப் போனால் ஒருவழி மட்டும். காரணம் நடைமுறை சார்ந்தது. ஆயிரம் பேர் ஒரு பக்கத்தைச் சுட்டினால், அந்த ஆயிரம் பேரின் திரும்பு இணைப்புகளையும் பக்கத்துக்காரர் தன் கோப்பில் சுமக்க வேண்டும். அவருக்கு என்ன தலையெழுத்து?

தனக்காக எழுதிய சின்ன நிரல் ஒன்றில் போகிறபோக்கில் எடுத்த முடிவு இது. ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது, நிரல் இருந்த எட்டு அங்குல ஃபிளாப்பியை அங்கிருந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது தொலைந்துபோனது. செர்னில் தகவல் எப்படித் தொலைகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

* * *

1984-ல் திரும்பி வந்தார். 1989 மார்ச்சில் ‘தகவல் மேலாண்மை: ஒரு முன்மொழிவு’ என்று தலைப்பிட்டு ஓர் அறிக்கை எழுதி மேலதிகாரி மைக் செண்டாலிடம் கொடுத்தார்.

தலைப்பைப் பார்த்தால் அடுத்த பக்கம் புரட்டத் தோன்றாது. உள்ளே விஷயம் இருந்தது. தகவலை மரம்போல் கிளை பிரித்து அடுக்கினால் உதவாது, ஏனென்றால் உலகம் மரம்போல் இல்லை. திறவுச்சொல் கொடுத்துத் தேடலாம் என்றால், ஒரே விஷயத்துக்கு இரண்டு பேர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே வட்டங்களும் அவற்றை இணைக்கும் அம்புகளும் போதும் என்றார். ஒவ்வோர் அம்புக்கும் ஒரு பெயர்: ‘எழுதியவர்’, ‘விவரிக்கிறது’, ‘உள்ளடக்கியது’.

இந்த ஏற்பாடு எந்தெந்தக் கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும் என்றும் ஒரு பட்டியல் போட்டிருந்தார். இந்த நிரல்கூறு எங்கே பயன்படுகிறது? இதை எழுதியவர் யார்? அவர் எங்கே வேலை செய்கிறார்? அந்தப் பட்டியலின் கடைசிக் கேள்வியை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆவணத்தைச் சுட்டும் ஆவணங்கள் எவை?

செண்டால் அறிக்கையின் மேல் எழுதிய குறிப்பு இன்று உலகப் பிரசித்தம்: தெளிவாக இல்லை, ஆனால் பரபரப்பாக இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஓராண்டு கழித்து, 1990 மே மாதம், தேதியை மாற்றி அதே அறிக்கையை மறுபடி சுற்றுக்கு விட்டார் பெர்னர்ஸ்-லீ. அப்போதும் பதில் இல்லை. செப்டம்பரில்தான் செண்டால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனக் கணினி ஒன்றை வாங்கிக்கொள். அதைப் பரிசோதிக்க ஏதாவது நிரல் எழுதிப் பார்க்க வேண்டும் அல்லவா, உன் ஹைப்பர்டெக்ஸ்டையே எழுதிப் பார்.

உலகை மாற்றிய எந்தத் திட்டத்துக்காவது முறையான ஒப்புதல் கிடைத்திருக்கிறதா என்று எனக்குச் சில நேரம் சந்தேகம் வருவதுண்டு.

* * *

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அடுத்த மூன்று மாதத்தில் நடந்தவை எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தன. இணைப்பு எங்கே குடியிருக்க வேண்டும்?

அன்றைய ஹைப்பர்டெக்ஸ்ட் ஆய்வாளர்களிடம் கேட்டிருந்தால், ஆவணத்துக்கு வெளியே என்று சொல்லியிருப்பார்கள். பிரவுன் பல்கலைக்கழகத்தின் இன்டர்மீடியா இணைப்புகளைத் தனித் தரவுத்தளத்தில் வைத்திருந்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வெண்டி ஹால் குழு உருவாக்கிய மைக்ரோகாஸமும் அப்படித்தான். அதில் எவ்வளவோ சௌகரியம். ஒரே பாடத்துக்கு ஆசிரியர் ஒரு தொகுதி இணைப்புகளும் மாணவர் வேறொரு தொகுதியும் வைத்துக்கொள்ளலாம். இருவழியிலும் போகலாம். ஒரு பக்கம் இடம் மாறினால் தரவுத்தளத்துக்குத் தெரியும். அது இணைப்பைச் சரிசெய்துவிடும்.

ஓர் ஆய்வகத்துக்குள், ஒரே நிர்வாகத்தின் கீழ், இது அற்புதமாக வேலை செய்தது. வெளியே போனால்?

ஜெனீவாவில் இருக்கும் ஒரு பக்கம், ஹாம்பர்க்கின் டெசி ஆய்வகத்தில் இருக்கும் பக்கத்தைச் சுட்ட விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவழி இணைப்பு என்றால் ஹாம்பர்க்குக்குத் தகவல் போக வேண்டும். இருவரும் நம்பும் ஒரு தரவுத்தளம் வேண்டும். அதை நடத்த ஆள் வேண்டும். ஹாம்பர்க் பக்கத்தை நீக்க வேண்டுமானால் முதலில் அங்கே தெரிவிக்க வேண்டும். நாளை மூன்றாவது ஆய்வகம் சேர்ந்தால் அதுவும் பதிவு செய்துகொள்ள வேண்டும். எல்லோருக்கும் நடுவில் ஓர் அலுவலகம் வந்து உட்கார்ந்துவிடும்.

1989 அறிக்கையில் பெர்னர்ஸ்-லீ மிகத் திட்டவட்டமாக ஒதுக்கியது இதைத்தான். ஏற்கெனவே இருக்கும் அமைப்புகள் ஒன்றோடொன்று இணைய வேண்டும். அதற்கு மையக் கட்டுப்பாடோ ஒருங்கிணைப்போ தேவைப்படக் கூடாது. இந்த நிபந்தனையைக் கடைசிவரை கொண்டுபோனால், இருவழி இணைப்பைக் கைவிடுவது தவிர வேறு வழியில்லை.

கைவிட்டார். என்கொயரின் ஒருவழி இணைப்பு திரும்பி வந்தது. இணைப்பு ஆவணத்துக்குள்ளேயே இருக்கும், போக வேண்டிய முகவரியை மட்டும் சொல்லும். திண்டிவனத்தில் நிற்கும் கைகாட்டிப் பலகை, விழுப்புரத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டா அந்த ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்கிறது? அதுபோலத்தான். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சுட்டலாம். சுட்டப்படுபவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பக்கம் நாளை இல்லாமல் போனால், இணைப்பு அறுந்தால் அறுந்துபோகட்டும்.

இருபது ஆண்டுகளாக ஹைப்பர்டெக்ஸ்ட் உலகம் எதைத் தடுக்கப் பாடுபட்டதோ, அதை வடிவமைப்பிலேயே அனுமதித்த முடிவு இது.

* * *

1990 அக்டோபரில் நிரல் எழுதத் தொடங்கினார். நெக்ஸ்ட் கணினி அவருக்கு ஒரு பரிசை ஒளித்து வைத்திருந்தது. அதன் உரை எழுதும் மென்பொருளில், ஒவ்வொரு துண்டு உரைக்கும் பக்கத்தில் 32 பிட் இடத்தை யாராவது பின்னால் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று காலியாக விட்டு வைத்திருந்தார்கள். பெர்னர்ஸ்-லீ அந்த இடத்தில் இணைப்பின் முகவரிக்கான குறியைக் கொண்டுபோய் வைத்தார். பாதி வேலை முடிந்துவிட்டது.

பிரவுசரை எழுத வேறு யாராவது கிடைப்பார்களா என்றும் தேடினார். அந்த நவம்பரில் வெர்சாய் நகரில் நடந்த ஹைப்பர்டெக்ஸ்ட் மாநாட்டில், ‘கைட்’ என்ற மென்பொருளை விற்றுவந்த எடின்பரோ தொழில்முனைவர் இயன் ரிட்சியைச் சந்தித்துக் கேட்டார். ரிட்சி மறுத்துவிட்டார். பிற்காலத்தில் மேடையில் அதைச் சொல்லிச் சிரிக்கும் அளவுக்கு அவருக்குப் பெருந்தன்மை இருந்தது.

கிறிஸ்துமஸுக்குள் பிரவுசர் ஓடியது. சக ஊழியர் ராபர்ட் கைலியோவும் உடன் இருந்தார். முதல் சர்வர் அந்த நெக்ஸ்ட் பெட்டியேதான். ‘இது சர்வர், அணைக்காதீர்கள்’ என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார்.

அந்த முதல் பிரவுசரில் இணைப்புப் போட்ட விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்று நமக்குப் பிரவுசர் என்றால் படிப்பது மட்டும். அன்று படிப்பதும் எழுதுவதும் ஒரே ஜன்னலில். சுட்ட விரும்பும் பக்கத்துக்குப் போய், மெனுவில் ‘குறித்துக்கொள்’ என்று கொடுக்க வேண்டும். தன் பக்கத்துக்குத் திரும்பி, வேண்டிய சொற்களைத் தேர்ந்தெடுத்து ‘குறித்ததோடு இணை’ என்று கொடுத்தால் முடிந்தது. முகவரியைக் கண்ணால்கூடப் பார்க்கத் தேவையில்லை. போட்ட இணைப்பைப் பின்தொடர இரண்டு முறை கிளிக் செய்ய வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், செர்னில் நெக்ஸ்ட் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நிகோலா பெல்லோ என்ற கணித மாணவி எந்தக் கணினியிலும் ஓடக்கூடிய எளிய பிரவுசர் ஒன்றை எழுதினார். படம் கிடையாது, மவுஸ் கிடையாது, வெறும் எழுத்து. இணைப்புள்ள சொல்லுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று எண் வரும். எண்ணைத் தட்டி ரிட்டர்ன் அழுத்தினால் அடுத்த பக்கம். இதில் எழுத முடியாது, இணைப்புப் போட முடியாது. வலை என்று பெயர்பெற்ற இந்த ஏற்பாட்டைப் பெரும்பாலோர் முதலில் பார்த்தது இந்த வடிவத்தில்தான். செர்ன் ஊழியர்கள் இதைத் திறந்ததும் ஹைப்பர்டெக்ஸ்ட் தத்துவத்துக்காக அல்ல. ஆய்வகத்தின் டெலிபோன் டைரக்டரி அதில் இருந்தது.

* * *

1991 டிசம்பர். டெக்ஸாஸ் மாநிலம் சான் அன்டோனியோ. ஹைப்பர்டெக்ஸ்ட் ஆய்வாளர்களின் பெரிய மாநாடு.

பெர்னர்ஸ்-லீயும் கைலியோவும் அனுப்பிய கட்டுரை நிராகரிக்கப்பட்டது. துறையின் முந்தைய ஆய்வுகளைப் போதிய அளவு குறிப்பிடவில்லை என்பது ஒரு குறை. ஹைப்பர்டெக்ஸ்ட் அமைப்புகள் அதுவரை பின்பற்றிய கட்டமைப்பு நெறிகளையே இது மீறுகிறது என்றும் ஒரு மதிப்பீட்டாளர் கருதினார். வேண்டுமானால் கூடத்தில் ஒரு மேசை போட்டுச் செய்முறை காட்டிக்கொள்ளலாம் என்றார்கள்.

மாநாட்டு விடுதியில் இன்டர்நெட் இல்லை. கைலியோ விடுதிக்காரர்களிடம் பேசி ஒரு டெலிபோன் லைனை மேசைவரை இழுக்க வைத்தார்; உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தைக் கேட்டு டயல்-அப் இணைப்பு வாங்கினார். கூடத்தில் மற்ற மேசைகளில் இருந்தவற்றுக்கு இன்டர்நெட் தேவைப்படவில்லை. ஒவ்வொன்றும் தன் பெட்டிக்குள் முழுமையாக, அழகாக ஓடிக்கொண்டிருந்தது. இவர்களுடையதில் ஒரு சொல்லைச் சொடுக்கினால், அட்லாண்டிக்கைத் தாண்டி ஜெனீவாவிலிருந்து பக்கம் வந்தது.

வந்து பார்த்த நிபுணர்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் எல்லாமே நியாயமானவை. இணைப்பு அறுந்தால் யார் சரிசெய்வது? யார் சுட்டுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? இன்றுவரை முழுப் பதில் இல்லாத கேள்விகள் இவை. நெல்சனும் பிற்காலத்தில் வலையைப் பற்றி இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்தத் தொடருக்காகப் பழைய அமைப்புகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, என் மனம் அவர்கள் பக்கம் சாய்ந்ததுண்டு. இணைப்பின் தரம் என்று பார்த்தால் இன்டர்மீடியாவும் மைக்ரோகாஸமும் வலையைவிடப் பல படி மேல். ஆனால் அவர்கள் கட்டியதில் புதிதாகச் சேர விரும்புபவர் யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. வலையில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் நடந்தது அதுதான். அங்கிருந்த பால் குன்ஸ் அந்த செப்டம்பரில் செர்ன் வந்து வலையைப் பார்த்தார். அவர் ஊர் திரும்பியபின், டிசம்பருக்குள் அமெரிக்காவின் முதல் வலை சர்வர் அங்கே ஓடத் தொடங்கிவிட்டது. இயற்பியல் கட்டுரைகளின் பெரும் தரவுத்தளம் ஒரே நாளில் எல்லோருக்கும் எட்டியது.

இரண்டு ஆண்டு கழித்து அதே மாநாடு சியாட்டிலில் நடந்தபோது, செய்முறை மேசைகளில் திரும்பிய பக்கமெல்லாம் வலைதான்.

* * *

விலை? அதையும் சொல்ல வேண்டும்.

முதல் விலை 404. 1992-ல் வலைத்தொடர்பு விதிகளை விரித்து எழுதியபோது, சர்வர் சொல்லும் பதில்களுக்கு எண்கள் கொடுத்தார்கள். கேட்ட பக்கம் இல்லை என்பதற்கு 404. செர்னில் 404-ஆம் எண் அறையில் முதல் சர்வர் இருந்தது என்று சுவையான கதை ஒன்று உலவுகிறது. கைலியோவே அதைக் கட்டுக்கதை என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது விலை, அம்புகளின் பெயர்கள். 1989 படத்தில் ஒவ்வோர் அம்புக்கும் பொருள் இருந்தது. வலையின் மொழியில் அதற்கு இடம் வைத்தார்கள், எழுதியவர்கள் அதைச் சீண்டவில்லை. பாராட்டிச் சுட்டுவதும் திட்டிச் சுட்டுவதும் ஒரே மாதிரி ஆயின.

மூன்றாவது, எழுதும் வசதி. 1993-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் உருவாக்கிய மொசைக் உலகெங்கும் பரவியது. அதில் படிக்கலாம், சொடுக்கலாம், எழுத முடியாது. இணைப்புப் போட வேண்டுமென்றால் கோணக் குறிகளுக்கு நடுவே முகவரியைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். ‘குறித்துக்கொள், இணை’ என்ற அந்த இரண்டு மெனு வரிகள் மறைந்தே போயின.

ஆனால் கனத்த விலை நான்காவது. செர்ன் 1993 ஏப்ரல் 30 அன்று வலையின் மென்பொருளை யாருக்கும் உரிமைக் கட்டணம் இல்லாமல் பொதுவில் விட்டது. எம்.ஐ.டி. மாணவர் மேத்யூ கிரே அந்த ஆண்டு வலைத்தளங்களை எண்ண ஒரு நிரல் எழுதினார். ஜூனில் 130. டிசம்பரில் 623. 1996 ஜனவரியில் சுமார் ஒரு லட்சம். யாரையும் கேட்காமல் போட்ட இணைப்புகள் கோடிக்கணக்கில் குவிந்தன. அவற்றில் எது அக்கறையோடு போட்டது, எது விளம்பரம், எது வெறும் நட்புக்காக என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா தேடுபொறி, ஒரு சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று கண நேரத்தில் சொன்னது. எந்தப் பக்கம் படிக்கத் தகுந்தது என்று அதற்குத் தெரியாது.

நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன கடைசிக் கேள்வியை இப்போது எடுங்கள். இந்த ஆவணத்தைச் சுட்டும் ஆவணங்கள் எவை? ஒருவழி இணைப்பைத் தேர்ந்தெடுத்த அன்றே அந்தக் கேள்விக்கான பதில் போய்விட்டது. ஒரு பக்கத்தில் நின்றுகொண்டு அதை யார் சுட்டுகிறார்கள் என்று பார்க்க வலையில் வழியே இல்லை. பதில் வேண்டுமானால் ஒரே உபாயம், வலையிலுள்ள எல்லாப் பக்கங்களையும் இறக்கி, எல்லா இணைப்புகளையும் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது. புத்தி தெளிந்தவர்கள் செய்கிற காரியம் அல்ல.

1996-ல் ஸ்டான்ஃபோர்டில் லேரி பேஜ் என்ற ஆராய்ச்சி மாணவர் அதைச் செய்யக் கிளம்பினார். அடுத்த ஆண்டுகளில் கலிஃபோர்னியாவிலேயே ஐ.பி.எம்.மின் அல்மடேன் ஆய்வகத்தில் ஜான் கிளைன்பெர்க்கும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பிரபாகர் ராகவனை உள்ளடக்கிய குழுவும், இணைப்புகளை எண்ணி எடைபோடும் வேறொரு கணக்கை வைத்திருந்தார்கள். ஒரு பக்கத்தை ஆயிரம் பேர் சுட்டினால் அது நல்ல பக்கமா, அல்லது ஆயிரம் பேர் சுட்டும்படி யாராவது ஏற்பாடு செய்துவிட்டார்களா? இரண்டு குழுக்களும் இதற்கு ஒரே பதிலைச் சொல்லவில்லை. யார் கணக்கு வென்றது, ஏன் வென்றது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)